பந்தல் இறங்கி வந்த வழி

2011 மே மாதக் கடைசி வாரம். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் நான் குடியிருந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு வெள்ளரிக்காய்கள் இருந்தன. முழங்கை நீளம், இறுக்கிப் போட்ட பிளாஸ்டிக் உறை, உறையின் மேல் சின்ன எழுத்தில் ஸ்பெயின். ஊரெல்லாம் ஈகோலை என்கிற குடல் கிருமி பற்றிய பயம். ஆஸ்பத்திரிகளில் சிறுநீரகம் பழுதாகி ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். 26ஆம் தேதி நகர நிர்வாகம், ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் கிருமி இருப்பதாக அறிவித்தது. அன்று சாயங்காலமே இரண்டையும் இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஐந்து நாள் கழித்து, அந்தக் காய்களில் இருந்தது வேறு வகைக் கிருமி, ஆட்களைக் கொன்றது அது இல்லை என்றார்கள். ஜூனில் முளைகட்டிய பயிர் என்றார்கள். ஜூலையில் முடிச்சு முழுதாக அவிழ்ந்தது: எகிப்திலிருந்து வந்த வெந்தயம். முளைகட்டி சாலட்டில் தூவிச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் ஐம்பது பேருக்கு மேல் செத்துப் போயிருந்தார்கள். என் சமையலறை டப்பாவில் அரைக் கிலோ வெந்தயம் இருந்தது. அதை யாரும் சந்தேகிக்கவில்லை, நானும் தூக்கிப் போடவில்லை.

வெள்ளரிக்காய்க்காரர்கள் குற்றவாளிகள் இல்லை என்று தெரிந்த பிறகும் அடுத்த பல வருஷங்கள் நான் அதை வாங்கவில்லை. இதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். முதலில் பயம் என்று சொல்லிக்கொண்டேன். பயம் போனதும் அந்த இடத்தில் ஒரு கொள்கை வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் காய் வருகிற இடம் அல்மெரீயா, ஸ்பெயினின் தென்கிழக்கு மூலை. விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில் அங்கே கடலோரம் பனி பெய்தது போல வெள்ளையாகத் தெரியும். முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை. பிளாஸ்டிக் கடல் என்றே அந்த ஊர்க்காரர்களும் சொல்வார்கள். நல்ல கடற்கரை ஒன்றைக் காசுக்காக மூடிப் பாழாக்கிவிட்டார்கள் என்று ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் நீட்டி முழக்கினேன். எதிரே உட்கார்ந்திருந்தவன் பதில் பேசாமல் சூப்பைக் குடித்து முடித்தான். அவன் குடும்பம் அந்தப் பக்கத்துக் குடும்பம் என்று எனக்கு அப்போது தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, "பிப்ரவரியில் ஊருக்குப் போறேன், நீயும் வா" என்றான். கூப்பிட்ட தொனியில் அழைப்பைவிட சவால்தான் அதிகம் இருந்தது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

விமானம் இறங்கும்போது ஜன்னலோர இடம் கிடைத்தது. முதலில் பனி மூடிய சியெர்ரா நெவாதா. அதன் கிழக்கு முனை இந்த மாகாணத்துக்குள் வருகிறது, அங்கேயே உயரம் 2,600 மீட்டர். அதற்குத் தெற்கே கதோர் மலை, அதுவும் 2,200 மீட்டருக்கு மேல், ஆனால் மொட்டை. அந்த மொட்டை மலை சட்டென்று முடிகிற இடத்தில் வெள்ளைக் கூரைகள் தொடங்கி, இடைவெளி இல்லாமல் கடல் வரை போகின்றன. மேற்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகத்தையெல்லாம் மலைகள் மறித்துப் பிழிந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்துக்கு மிஞ்சுவது வெயில் மட்டும், வருஷத்துக்கு ஏறக்குறைய 3,000 மணி நேரம். காபோ தெ காதா முனையில் வருஷ மழை 200 மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஐரோப்பாவிலேயே வறண்ட மூலைகளில் ஒன்று அது. கொஞ்சம் உள்ளே தபெர்னாஸ் பாலைவனத்தில்தான் அந்தக் காலத்துக் கௌபாய் படங்களை எடுத்தார்கள். சுற்றுலாக்காரர்கள் அங்கேதான் போகிறார்கள். நான் போகவில்லை.

கதோர் மலை ஏன் மொட்டை என்று நண்பனிடம் கேட்டேன். "அதுவும் நாங்கள் செய்ததுதான். ஆனால் பிளாஸ்டிக்குக்கு நூத்தம்பது வருஷம் முன்னால்" என்றான். 1820களில் அந்த மலையில் ஈயம் வெட்டத் தொடங்கினார்கள். உலகச் சந்தையையே ஆட்டி வைத்த அளவுக்கு ஈயம். அதை உருக்க நெருப்பு வேண்டும், நெருப்புக்கு ஓக் மரம் வேண்டும். மரம் தீர்ந்ததும் புதர், புதர் தீர்ந்ததும் எஸ்பார்த்தோ என்கிற முரட்டுப் புல், அதையும் வேரோடு பிடுங்கி உலையில் போட்டிருக்கிறார்கள். ஈயம் தீர்ந்தது, மலையும் தீர்ந்தது. சனங்கள் கப்பலேறி எதிர்க்கரையில் அல்ஜீரியாவின் ஓரானுக்கும், அர்ஜென்டினாவுக்கும், பிறகு ரயிலேறி பார்சலோனாவுக்கும் போனார்கள். 1910இல் இந்த மாகாணத்தில் இருந்த மக்கள்தொகையைவிட 1970இல் இருந்தது குறைவு. அறுபது வருஷம் பிள்ளை பெற்று வளர்த்து வெளியூருக்கு அனுப்பியதுதான் மிச்சம்.

அப்போதே என் கொள்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. ஏழைகள் பிழைத்தார்கள், சரி, அதற்காகக் கடற்கரையையே மூட வேண்டுமா என்று உள்ளுக்குள் வாதாடிக்கொண்டுதான் காரில் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் கூரை

நண்பனின் அக்காவுக்கு எல் எஹீடோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இரண்டு ஹெக்டேர். நான் மனதில் வைத்திருந்தது ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் ஆயிரம் ஏக்கர் தொழிற்சாலை. இங்கே பெரும்பாலும் இந்த அளவுதான், ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை, இரண்டு, மூன்று ஹெக்டேர். கூரைக்குக் கூரை ஒட்டிக்கொண்டிருப்பதால் மேலேயிருந்து ஒரே கடலாகத் தெரிகிறது. நடுவில் கார் நுழையும் அகலத்துக்குச் சந்துகள், சந்து முனையில் தபால் பெட்டி மாதிரி தண்ணீர் மீட்டர்கள்.

இரட்டைக் கதவு. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும், பூச்சி நுழையாமல் இருக்க. உள்ளே தலைக்கு மேல் வளர்ந்த குடைமிளகாய்ச் செடிகள், கடைசி அறுவடை ஓடிக்கொண்டிருந்தது. சில செடிகளுக்கு ஒன்று என்று சின்னக் காகிதப் பை தொங்கியது, தேயிலைப் பை அளவு. அதற்குள் தவிடும், கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்களும். அவை வெளியே வந்து இலைப்பேனையும் வெள்ளை ஈயின் முட்டையையும் தின்னும். 2006 கடைசியில் இங்கிருந்து போன மிளகாயில் தடை செய்யப்பட்ட மருந்து இருப்பதை ஜெர்மனியில் கண்டுபிடித்து, ஏற்றுமதி அடி வாங்கியது. அதற்கப்புறம் ஒன்றிரண்டு வருஷத்தில் மாகாணமே மருந்தடிப்பைக் குறைத்துப் பூச்சியை விட்டுப் பூச்சி பிடிக்கிற முறைக்கு மாறியது. "மனசு மாறியா மாறினோம்? பயந்துதான் மாறினோம்" என்றார் அக்கா. ஒளிவு மறைவு இல்லாத பெண்.

தரை முழுக்க மணல். அவர் பூட்ஸ் முனையால் ஒரு குழி பறித்துக் காட்டினார். மேலே அரைச் சாண் அளவு கடல் மணல், அதற்குக் கீழே கறுப்புக் கோடாக மட்கிய எரு, அதற்கும் கீழே வேறெங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய களிமண். அதற்கடியில் இருக்கிற சொந்த மண் வெறும் கல். மணல் போர்வை ஈரத்தைக் காக்கும், உப்பை மேலே ஏற விடாது. அதனால் கொஞ்சம் உவர்ப்பான கிணற்றுத் தண்ணீரிலும் காய் வரும். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை மணலை ஒதுக்கி, புதிதாக எரு போட்டு, மறுபடி மணலை மூடுவார்கள். 1950களில் அரசாங்கத்தின் குடியேற்றத் துறை ரொகேதாஸ் பக்கம் கிணறு வெட்டி, மனை பிரித்து, மலைக்காரர்களை இறக்கிக் குடியமர்த்தியபோது இந்த மணல் தோட்டங்கள்தான் முதலில் வந்தன. கூரை அப்புறம் வந்தது.

முதுகு வலித்து நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தேன். கம்பிகள். கனமான கம்பிகள் ஓரத்தில், நடுவில் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் சதுரம் சதுரமாக, ஒவ்வொரு சந்திப்பிலும் கையால் முறுக்கிய முடிச்சு. இப்படிப் பின்னிய வலை இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் சப்பாத்திக்குள் வைத்த பொரியல் மாதிரி பிளாஸ்டிக் தாள். ஆணி இல்லை, பசை இல்லை. காற்று அடித்தால் கூரை முழுவதும் பெருமூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. பழைய பகுதியில் கூரை தட்டையாக இருந்தது. அங்கே மழைத் தண்ணீர் தேங்காமல் சொட்டட்டும் என்று தாளில் சின்னச் சின்ன ஓட்டைகள் குத்தியிருந்தார்கள். தொழிற்சாலை என்று நினைத்து வந்தவனுக்கு அது யாரோ வீட்டுக் கொல்லையில் கட்டியது மாதிரி இருந்தது.

"இந்தக் கூரைக்குத் தனிப் பேர் உண்டா?" என்று கேட்டேன்.

"பர்ரால்."

எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில் பர்ரால் என்றால் திராட்சைக் கொடி படர்கிற பந்தல். தப்பாகக் காதில் விழுந்ததோ என்று மறுபடி கேட்டேன். "அதேதான். அப்பா மேலே மலை ஊர்ல இருக்கார், நாளைக்குப் போய் அவர்கிட்டயே கேளுங்க" என்றார்.

மேலே

ஓஹானெஸ். எழுதுவது அப்படி, வாயில் ஹகரம் வராது, ஓஆனெஸ் என்பார்கள். அந்தராக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் சியெர்ரா நெவாதாவின் சரிவில் ஒட்டவைத்த மாதிரி ஒரு வெள்ளைக் கிராமம். சரிவு முழுக்கப் படிப்படியாகக் கல் அடுக்கிய வயல்கள், பாதிக்கு மேல் சும்மா கிடந்தன. நண்பனின் அப்பா எண்பதைத் தாண்டியவர். குளிர்காலம் முடிவதற்குள் கொடி கவாத்து செய்ய வேண்டும் என்று நான்கு நாளாக அங்கேயே தங்கியிருந்தார். நான் ஹம்பர்க்கிலிருந்து வருகிறேன் என்றதும் திடீரென்று ஜெர்மனில் பேச ஆரம்பித்தார். ஸ்பெயினுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் 1960இல் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் ஏற்பட்டதல்லவா, அதில் போனவர். ஆறு வருஷம் ஒரு ரப்பர் ஆலையில் வேலை. வினைச்சொல் எல்லாம் உதிர்ந்து பெயர்ச்சொல் மட்டும் மிச்சமிருக்கிற ஜெர்மன். படி இறங்கும்போது நான் தடுமாறினால் "லங்ஸாம், லங்ஸாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, மெதுவாக. ஒரு ஸ்பானியக் கிழவரும் ஒரு தமிழனும் ஸ்பானிய மலையில் ஆலை ஜெர்மனில் பேசிக்கொண்டு நடந்தோம்.

மூன்றாவது படியில் அவருடைய பந்தல். இலை ஒன்றுகூட இல்லாத பிப்ரவரி ஆதலால் எலும்பு மட்டும் தெரிந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், ஓரத்தில் சாய்த்து நட்ட கம்பங்கள், அவற்றைத் தரையோடு இழுத்துக் கட்டிய கனமான கம்பி, நடுவில் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கம்பி, சந்திப்புக்குச் சந்திப்பு கையால் முறுக்கிய முடிச்சு. நேற்று கீழே அண்ணாந்து பார்த்த அதே கூரை. இங்கே பிளாஸ்டிக்குக்குப் பதில் வானம்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் கவாத்துக் கத்தரியால் ஒரு முடிச்சைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "இதைக் கட்டினவங்கதான் தம்பி, கீழே போய் அதையும் கட்டினாங்க. எங்களுக்குக் கட்டத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். பிளாஸ்டிக்கை மட்டும்தான் காசு கொடுத்து வாங்கினோம்."

அந்தத் திராட்சைக்கு ஊர்ப் பெயரேதான், ஓஹானெஸ். தோல் தடிமனான காய். மரப் பீப்பாயில் தக்கைத் தூளைக் கொட்டி, அதற்குள் கொத்துக் கொத்தாகப் புதைத்து, மூடி ஆணியடித்தால் வாரக்கணக்கில் கெடாது. அல்மெரீயா துறைமுகத்திலிருந்து லிவர்பூலுக்கு, ஹம்பர்க்குக்கு, நியூயார்க்குக்கு அப்படித்தான் போயிருக்கிறது. இந்தக் கொடியின் பூ தானாகக் காய் பிடிக்காது. ஆண் பூங்கொத்தைப் பறித்து வந்து, பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்று, ஒவ்வொரு கொத்தின் மேலும் தடவ வேண்டும். சிறுவனாக இருந்தபோது கழுத்து வலியோடுதான் வசந்தகாலம் வரும் என்றார். அறுவடையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னக் கத்தரியால் சொத்தைக் காயை ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பார்கள். அப்புறம் 1920களில் பழ ஈ இருக்கிறது என்று அமெரிக்கா கதவைச் சாத்தியது. பிறகு உலகப் பொருளாதார மந்தம், உள்நாட்டுப் போர், உலகப் போர். விதை இல்லாத, தோல் மெல்லிய திராட்சை வந்ததும் கதை முடிந்தது.

முதல் பிளாஸ்டிக் பந்தலைக் கீழே சமவெளியில் எழுப்பியது 1963இல். மூலையில் சாய்வுக் கம்பம், கம்பி வலை, மேலே தாள். அவர் ஜெர்மனியில் இருந்தபோதே தம்பி கடிதம் எழுதினாராம்: கொடியை எடுத்துவிட்டுத் தாளைப் போட்டால் உள்ளே டிசம்பரிலும் காய் காய்க்கிறது. ஆலையில் சேர்த்த பணத்தில் ஒன்றரை ஹெக்டேர் கல்லுத்தரை வாங்கினார். அதுவரை அந்தச் சமவெளியில் குளிர்காலத்துக்கு ஆடு மேய்க்க இறங்குவதைத் தவிர மலைக்காரர்களுக்கு வேலை இருந்ததில்லை. நான் மனதில் வைத்து அழுத நல்ல கடற்கரை, ஆடு மேய்ந்த கல்லுக்காடு. அதன் அழகு அதைக் கடந்து போகிறவனுக்கு. எல் எஹீடோவே மலையடியில் இருக்கும் தலீயாஸ் கிராமத்தின் சாலையோரக் குக்கிராமமாக இருந்ததுதான். 1982இல் குட்டி தாயை விட்டுப் பிரிந்தது. இன்று அதில் எண்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள், தாய்க் கிராமத்தில் சில ஆயிரம். மாகாணத்தில் மொத்தம் ஏழரை லட்சம். 1970க்கு இரண்டு மடங்கு.

ஆக, மலை காலியாகிச் சமவெளி நிரம்பியது என்று புள்ளிவிவரம் சொல்லும். பந்தலைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊரே இறங்கி வந்தது என்றுதான் எனக்கு அந்தப் படியில் நின்றபோது தோன்றியது.

பந்தலுக்குக் கீழே

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை. இறங்கும் வழியில் இருட்டத் தொடங்கியது. நெடுஞ்சாலையோரம் பிரதிபலிக்கும் மஞ்சள் சட்டை போட்டு வரிசையாக சைக்கிள்கள். மொராக்கோக்காரர்கள், செனகல், மாலி ஆட்கள், வேலை முடிந்து போகிறார்கள். மாகாணத்தில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நிற்கிற கழுத்து இப்போது அவர்களுடையது. அக்காவிடம் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவர் மொராக்கோவின் பெனி மெல்லால் பக்கத்துக்காரர். இப்போது அண்ணன் மகனையும் கொண்டுவந்திருக்கிறார். அக்கா அவர்களுக்குக் கணக்குப்படி சம்பளம் கொடுக்கிறார். எல்லோரும் கொடுப்பதில்லை என்பதையும் அவரே சொன்னார்.

2000 பிப்ரவரியில் எல் எஹீடோவில் நடந்ததை நண்பன் காரில் சொன்னான். சில வாரங்களில் மூன்று கொலைகள், பிடிபட்டவர்கள் மொராக்கோக்காரர்கள், அவர்களில் ஒருவர் மனநோயாளி. அதைச் சாக்காக வைத்து மூன்று நாள் ஊர்க்காரர்கள் தடியோடு இறங்கினார்கள். கடைகளை எரித்தார்கள், தொழுகை இடத்தை உடைத்தார்கள், ஆட்களை விரட்டினார்கள். அதன் பிறகு தொழிலாளிகள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள், காய் செடியிலேயே அழுகியது, அப்போதுதான் பேச்சுவார்த்தை. நண்பனுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளித் தோழர்கள் சிலர் அந்தக் கும்பலில் இருந்தார்களாம். "அவங்க தாத்தாவெல்லாம் ஓரான்ல கூலி வேலை பார்த்தவங்க" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டான். கிழக்கே நீஹர் பக்கம் பழைய பிளாஸ்டிக் தாளையும் பலகையையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். வலீலி என்ற குடிசைப் பகுதியை 2023 ஜனவரியில் இடித்தார்கள், அடுத்த வருஷங்களில் வேறு இடத்தில் முளைத்தது. கூரையிலிருந்து கழற்றிய பழைய தாள் வீடாகிறது. அதுவும் ஒரு பந்தல்தான் என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அங்கே இருப்பவருக்கு அந்த உவமையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தண்ணீர்க் கதையும் இனிப்பானதில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல் உள்ளே வந்துவிட்டது. சமவெளிக்குத் தண்ணீர் கொடுக்க 1980களில் பெனீனார் என்ற மலைக் கிராமத்தையே மூழ்கடித்து அணை கட்டினார்கள், சுண்ணாம்புப் பாறையில் அந்த அணை ஒழுகுகிறது. இப்போது கார்போனெராஸ் மாதிரி இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் விடுகிறார்கள், விலை எகிறுகிறது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக் கூரைகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் சுற்றியுள்ள இடங்களெல்லாம் சூடாகிக்கொண்டிருந்தபோது இந்தச் சமவெளி மட்டும் பத்து வருஷத்துக்கு 0.3 டிகிரி குளிர்ந்தது என்று அல்மெரீயா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2008இல் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக்குக்குக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் என் பழைய கொள்கையில் இதற்கு இடமே இருக்கவில்லை.

மறுநாள் காலை ஏல மண்டிக்குப் போனோம். அங்கே விலை ஏறாது, இறங்கும். பலகையில் உயரத்தில் தொடங்கி எண் மளமளவென்று சரியும், வாங்குகிறவன் பட்டனை அமுக்கும் இடத்தில் நிற்கும். விவசாயிகள் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்து அந்த எண் சரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரும் வந்திருந்தார், விற்க ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். வெள்ளரிக்காய் முறை வந்தபோது என் பக்கம் திரும்பி, ஹம்பர்க்கில் இதே காய் இன்று என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். ஒன்றை அல்லவா சொல்கிறாய், நான் கிலோவைக் கேட்டேன் என்றார். ஒன்றுதான் அந்த விலை என்றேன். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

அப்புறம் அதே ஜெர்மனில், வினைச்சொல் இல்லாமல், "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. நீ, ஹம்பர்க். வெள்ளரிக்காய்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல நேரம் இருந்தது. "குப்பையில் போட்டேன்" என்றேன். வெந்தயத்தைப் பற்றியும் சொன்னேன். ஐரோப்பிய ஒன்றியம் இருபது கோடி யூரோவுக்கு மேல் நஷ்ட ஈடு ஒதுக்கியது என்று படித்ததாக, ஏதோ அதை நானே கொடுத்த மாதிரி, சேர்த்துக்கொண்டேன்.

அவர் கையை உதறினார். "நாங்களும் கொட்டினோம். லாரி லாரியா. ஆடுங்க வந்துச்சு" என்றார். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு முன்னால் விரித்து அந்த வருஷம் ஆடுகள் எவ்வளவு கொழுத்தன என்று காட்டினார். "ஒரு ஆட்டுக்குக்கூட ஒண்ணும் ஆகல."

பலகையில் எண் நின்றது. யாரோ பட்டனை அமுக்கிவிட்டார்கள்.